எக்ஸ்ரே அறைக்குக் கதிர்வீச்சு சோதனை: சேலத்தில் முதல் முறை செய்பவர்களுக்கு

சேலத்தில் இருபது படுக்கை உள்ள ஒரு மருத்துவமனையில் நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மதியம் மேனேஜர் வந்து, "தம்பி, இன்சூரன்ஸ்காரங்க ஏஇஆர்பி லைசென்ஸ் கேக்கறாங்க. அதுக்கு முன்னாடி கியூஏன்னு ஒண்ணு பண்ணணுமாம். நீங்கதானே அந்த ரூம்ல இருக்கீங்க, பாத்து முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆனது. ஒரே சோதனைக்கு இரண்டு முறை பணம் கட்டினோம், ஒரு கதவைக் கழற்றினோம்.

நீங்களும் அப்படி ஒரு மேனேஜரிடம் மாட்டியிருந்தால் இது உங்களுக்குத்தான். நான் சொல்வது சாதாரண எக்ஸ்ரே இயந்திரத்துக்கும் போர்ட்டபிளுக்கும் பொருந்தும். சிடி, கேத் லேப் வைத்திருப்பவர்களுக்கு விதிகள் இன்னும் கடுமை. அதில் எனக்கு அனுபவம் இல்லை.

1. எது எங்கே நடக்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஏஇஆர்பி என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். தலைமையகம் மும்பையில், தென் மண்டலத்துக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. நீங்கள் இரண்டு ஊருக்கும் போக வேண்டியதில்லை, எல்லாம் ஈலோரா என்ற இணையதளத்தில் நடக்கும்.

வேலை மூன்று துண்டு. கதிர்வீச்சு சோதனை, அதாவது கியூஏ, ஏஇஆர்பி அங்கீகாரம் கொடுத்த தனியார் நிறுவனம் வந்து செய்வது. டிஎல்டி பேட்ஜ், உங்கள் உடம்பில் விழும் கதிர்வீச்சை அளப்பது. அதற்குத் தனி ஆய்வகம். இந்த இரண்டும் கையில் இருந்தால்தான் மூன்றாவதான இயக்க உரிமத்துக்கு ஈலோராவில் விண்ணப்பிக்க முடியும்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று. "எங்களுக்கு ஏற்கெனவே ஜேடி (இணை இயக்குநர்) ஆபீஸ்ல ஸ்கேன் ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கே" என்பார்கள். அது அல்ட்ராசவுண்டுக்கானது, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வருவது. அல்ட்ராசவுண்டில் எக்ஸ்ரே கதிரே கிடையாது. அந்தச் சான்றிதழை ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டி வைத்திருந்தாலும் எக்ஸ்ரே அறைக்கு அது உதவாது. மருத்துவமனைப் பதிவுச் சான்றும் அப்படித்தான். அது வேறு கணக்கு.

2. இயந்திரத்தின் ஜாதகத்தை எடுத்து வையுங்கள்

இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுங்கள். தயாரித்த நிறுவனம், மாடல், சீரியல் எண், அதிகபட்ச கேவி (மின்னழுத்தம்), அதிகபட்ச எம்ஏ (மின்னோட்டம்), தயாரித்த வருடம் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். கதிர் உண்டாகும் டியூபுக்குத் தனி சீரியல் எண் உண்டு. அது டியூபின் உறையில், பெரும்பாலும் நமக்குத் தெரியாத பின்பக்கத்தில் இருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்துப் படம் எடுங்கள். எங்கள் இயந்திரத்துக்கு யாரோ ஒரு காலத்தில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டித்தான் எண்ணைப் படித்தேன்.

இதோடு வாங்கிய பில். பழைய பில் தொலைந்திருந்தால் விற்றவரிடம் இப்போதே கேளுங்கள், கடைசி நாளில் கேட்டால் கிடைக்காது.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் ஜாக்கிரதை. அந்த மாடலுக்கு ஏஇஆர்பியின் டைப் அப்ரூவல் இருக்கிறதா, விற்பவர் அதை முறைப்படி உங்கள் பெயருக்கு மாற்றித் தருவாரா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மூடப்பட்ட கிளினிக்கில் இருந்து பாதி விலைக்கு வந்த இயந்திரம், உரிமம் வாங்க வழியில்லாமல் துணி போர்த்தி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

3. டேப்பை எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றி வாருங்கள்

சோதனைக்கு ஆள் வருவதற்கு முன்பே இதை நீங்களே செய்துவிடலாம். செலவு இல்லை. பின்னால் வரும் பாதித் தலைவலி இங்கேயே தெரிந்துவிடும்.

சாதாரண எக்ஸ்ரே அறை 18 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது பழகிப்போன அளவு. சுவர் குறைந்தது ஒன்பது அங்குலச் செங்கல் கட்டு. செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கம் பழைய வீட்டை மாற்றிக் கட்டிய கிளினிக்குகளில் நடுவில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்தான் இருக்கும். பூசி பெயிண்ட் அடித்த பிறகு பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கதவு நிலை இருக்கும் இடத்தில் சுவரின் கனத்தை அளந்துவிடுங்கள்.

ஜன்னலோ வெண்டிலேட்டரோ ஈயம் பதிக்காமல் இருந்தால், வெளிப்பக்கத் தரையில் இருந்து இரண்டு மீட்டருக்கு மேலே இருக்க வேண்டும். உள்தரையில் இருந்து அளந்து ஏமாறாதீர்கள். எங்கள் அறைக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்காக ஒரு மேடை கட்டியிருந்தார்கள். உள்ளே இருந்து பார்த்தால் ஜன்னல் உயரம். மேடையில் நின்று பார்த்தால் என் மார்பு உயரம்.

கன்ட்ரோல் பேனல் அதே அறைக்குள் இருந்தால் அதற்கும் டியூபுக்கும், அதற்கும் நெஞ்சுப் படம் எடுக்க நோயாளியை நிறுத்தும் செஸ்ட் ஸ்டேண்டுக்கும் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். நடுவில் ஈயக் கண்ணாடி வைத்த தடுப்பு, 1.5 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமாக. கதவில் கதிர்வீச்சுச் சின்னம் உள்ள பலகை, எக்ஸ்ரே எடுக்கும்போது எரியும் சிவப்பு விளக்கு, கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற அறிவிப்பு தமிழில். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். நான் பார்த்த பாதி இடங்களில் பல்பு ஃபியூஸ் ஆகித்தான் இருந்தது.

அப்புறம் வரைபடம். அறையின் நீள அகலம், டியூப், மேஜை, செஸ்ட் ஸ்டேண்ட், பேனல், கதவு, ஜன்னல், ஒவ்வொரு சுவருக்கும் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, மேல் தளத்தில் என்ன, கீழே என்ன என்று எழுதி வையுங்கள். செஸ்ட் ஸ்டேண்டுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் முக்கியம், ஏனென்றால் நேர்க்கதிர் அந்தத் திசையில்தான் போகிறது. எங்கள் செஸ்ட் ஸ்டேண்டுக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் நோயாளிகள் உட்காரும் பெஞ்ச். வரைந்தபோதுதான் அது எனக்கே உறைத்தது. அன்றைக்கே பெஞ்சை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம்.

4. டிஎல்டி பேட்ஜுக்கு இன்றைக்கே எழுதுங்கள்

இதை நான்காவதாக எழுதினாலும் முதல் நாளே தொடங்க வேண்டியது இதைத்தான். விண்ணப்பம் போய், பணம் கட்டி, பேட்ஜ் கூரியரில் வந்து சேர எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சேவை தரும் ஆய்வகம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். நம் பக்கத்துக்குச் சென்னையிலேயே இருக்கிறது. எக்ஸ்ரே அறையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு பேட்ஜ், கூடவே ஒப்பிட்டுப் பார்க்க, யாரும் அணியாத கன்ட்ரோல் கார்டு என்று ஒன்று. கட்டணம் பேட்ஜ் ஒன்றுக்கு மூன்று மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய கார்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ள வேண்டும். பேட்ஜை நெஞ்சுப் பக்கம், ஈயம் வைத்த லெட் ஏப்ரனுக்கு உள்ளே அணியுங்கள். வேலை முடிந்ததும் எக்ஸ்ரே அறைக்கு வெளியே, கன்ட்ரோல் கார்டு இருக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

எங்கள் தம்பி ஒருவன் ஏப்ரனோடு பேட்ஜையும் சேர்த்துக் கழற்றி, செஸ்ட் ஸ்டேண்ட் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். நைட் ஷிஃப்டில் எடுத்த எக்ஸ்ரே எல்லாம் அந்த பேட்ஜில் விழுந்தது. காலாண்டு ரிப்போர்ட்டில் அவன் பெயருக்கு நேராக வந்த எண்ணைப் பார்த்து அவன் அம்மா அழுதுவிட்டார். ஒரு காலாண்டில் 10 மில்லிசீவர்ட்டை (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) தாண்டினால் விசாரணை உண்டு. எங்கே இருந்தாய், என்ன செய்தாய், பேட்ஜ் எங்கே இருந்தது என்று எழுதித் தர வேண்டும். ஊழியருக்கான வரம்பு ஒரு வருடத்தில் 30 மில்லிசீவர்ட், ஐந்து வருடம் சேர்த்து 100. ஒழுங்காகத் தடுப்புக்குப் பின்னால் நின்று வேலை செய்யும் டெக்னீஷியனுக்கு இதில் ஒரு சிறு துண்டுகூட வராது. என் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் வருகிறது.

5. ஈலோரா கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறது?

நிறுவனத்தைப் பதிவு செய்ய பான் கார்டு, உரிமையாளரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, மின்னஞ்சல், கைபேசி எண் தேவைப்பட்டன. பதிவானதும் ஊழியர்கள் பெயரைச் சேர்க்க வேண்டும்: டெக்னீஷியனின் படிப்புச் சான்று, சிஆர்ஏவோ டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ எதுவானாலும் ஒரிஜினலை ஸ்கேன் செய்து. அதன்பின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாக ஒருவரை நியமிக்க வேண்டும், ஆர்எஸ்ஓ என்பார்கள். ரேடியாலஜிஸ்ட் முழுநேரம் இல்லாத இடத்தில் தகுதியுள்ள டெக்னீஷியனே ஆர்எஸ்ஓ ஆகலாம். எங்கள் இடத்தில் நான்தான். சம்பளம் கூடவில்லை.

பெரிய கண்ணி இங்கே இருக்கிறது. எங்கள் மருத்துவமனை பெயரில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு யாரோ ஒரு ஏஜென்ட், தன் சொந்த மின்னஞ்சலையும் தன் கைபேசி எண்ணையும் போட்டுத் திறந்து வைத்திருந்தார். ஓடிபி எல்லாம் அவருக்குப் போனது. அவர் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. அதை மீட்டெடுக்க உரிமையாளர் கையெழுத்தோடு லெட்டர்பேடில் கடிதம், பான் நகல் எல்லாம் அனுப்பிக் காத்திருந்ததில் மட்டும் ஆறு வாரம் போனது.

ஆகவே மருத்துவமனைக்கென்று பொதுவான மின்னஞ்சல் ஒன்று திறங்கள். டெக்னீஷியன் பெயரிலோ மேனேஜர் பெயரிலோ வேண்டாம், அவர்கள் வேலையை விட்டுப் போவார்கள். ஏஜென்ட் உதவி வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். "மும்பைக்கு ஃபீஸ் கட்டணும்" என்று சொல்லி ஒருவர் எங்களிடம் 15,000 கேட்டார். விண்ணப்பத்துக்காக நாங்கள் வாரியத்துக்குக் கட்டிய தொகை எதுவும் இல்லை.

6. சோதனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ஏஇஆர்பி இணையதளத்திலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, அங்கீகாரத் தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். போனில் நான்கு கேள்வி கேளுங்கள். கருவிகளின் கேலிப்ரேஷன் சான்றை முன்பே அனுப்புவீர்களா? அறைக்கு வெளியே கதிர் வருகிறதா என்று சர்வே எடுக்கும்போது, நோயாளிக்குப் பதிலாக பேன்டம் வைப்பீர்களா? எத்தனை மணி நேரம் ஆகும்? ஏதாவது தேறாமல் போனால் மறுசோதனைக்கு எவ்வளவு?

மூன்றாவது கேள்விக்கு "அரை மணி நேரம் சார்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

நான் முதலில் விலையை மட்டும் பார்த்தேன். ஒரு இடத்தில் 4,000 சொன்னார்கள். வந்தவர் மதியம் ஒன்றரைக்கு வந்தார், இரண்டு எக்ஸ்போஷர் கொடுத்தார், தகட்டைப் படம் எடுத்தார், இரண்டே காலுக்குக் கிளம்பிவிட்டார். நான்கு நாளில் அழகான ரிப்போர்ட் வந்தது, எல்லாம் "திருப்தி". நானும் படிக்காமல் பதிவேற்றினேன். விண்ணப்பம் திரும்பி வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். எங்கள் இயந்திரம் 100 கேவிக்கு மேல் போகாது. ரிப்போர்ட்டில் 120 கேவியில் எடுத்த அளவு இருந்தது. எங்கள் அறைக்கு இல்லாத "இருட்டறைச் சுவர்" ஒன்றும் இருந்தது. வேறு எங்கோ எடுத்த ரிப்போர்ட்டில் எங்கள் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

7. சோதனை நாள்: பக்கத்திலேயே நில்லுங்கள்

இரண்டாவது நிறுவனத்தின் இன்ஜினியர் கோயம்புத்தூரில் இருந்து காலை வண்டியில் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்றே முக்காலுக்கு முடித்தார். அந்த நான்கு மணி நேரத்தில் நான் கற்றதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒளியும் கதிரும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா என்று பார்த்தார். கதிரின் அகலத்தைக் குறுக்கும் கோலிமேட்டரின் வெளிச்சம் விழும் இடத்தில்தான் எக்ஸ்ரேவும் விழுகிறது என்று நம்பித்தான் நாம் படம் எடுக்கிறோம். இரண்டுக்கும் உள்ள விலகல், டியூபில் இருந்து ஃபிலிம் வரையுள்ள தூரத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் தூரம் என்றால் இரண்டு சென்டிமீட்டர். எங்களுக்கு மூன்றரை வந்தது. "கடைசியா எப்ப சார் கோலிமேட்டர் பல்பு மாத்துனீங்க?" என்று கேட்டார். தீபாவளிக்கு முன்பு எங்கள் எலக்ட்ரீஷியன் மாற்றியிருந்தார். பல்பு அதன் பிடியில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாலே வெளிச்சம் நகர்ந்துவிடும். கதிர் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஏழெட்டு மாதமாக வெளிச்சத்தை நம்பி, நோயாளியின் தேவையில்லாத பகுதிக்கும் கதிர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை நீங்களே சோதிக்கலாம். பெரிய கேசட்டை மேஜையில் வைத்து, டியூபை ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்தி, கேசட்டைவிடச் சிறியதாக வெளிச்சத்தைத் திறங்கள். வெளிச்சத்தின் ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒட்டி வையுங்கள், ஒன்று வெளிச்சத்துக்கு உள்ளே, ஒன்று வெளியே. இரண்டும் தொடும் புள்ளி சரியாக வெளிச்சத்தின் கோட்டில். மொத்தம் எட்டு நாணயம். 50 கேவி, 5 எம்ஏஎஸ் (எம்ஏவை விநாடியால் பெருக்கியது) போதும். படத்தில் கருப்பு விழுந்த பகுதியின் ஓரம், நாணயங்கள் தொடும் புள்ளியில் இருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து, எதிரெதிர் ஓரங்களின் விலகலைக் கூட்டுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமே ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். கூட்டினால் ஒரு முழு நாணயத்தைத் தாண்டுகிறது என்றால் சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து ஒரு சின்ன மீட்டரை மேஜையில் வைத்து வரிசையாக எக்ஸ்போஷர் கொடுத்தார். பேனலில் 70 என்று வைத்தால் உண்மையில் 70 கேவிதான் வருகிறதா, டைமர் சரியா, ஒரே அளவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஒரே அளவு கதிர் வருகிறதா, எம்ஏவைக் கூட்டினால் அதே விகிதத்தில் கதிர் கூடுகிறதா என்பதெல்லாம் இதில் வந்துவிடும். அலுமினியத் தகடுகளை வைத்து ஃபில்ட்ரேஷன், அதாவது படத்துக்கு உதவாத மென்கதிரை வடிகட்டும் அளவைப் பார்த்தார்.

டியூப் கசிவைப் பார்க்கும்போது கோலிமேட்டரை முழுக்க மூடி, ஒரு மீட்டர் தள்ளி நான்கு பக்கமும் மேலேயும் அளக்க வேண்டும். கோலிமேட்டரை மூடாமல் அளந்தால் அது கசிவே இல்லை, நேர்க்கதிர்.

கடைசியில் சர்வே. உண்மையான சோதனை இதுதான், போலி ரிப்போர்ட்காரர்கள் முதலில் விடுவதும் இதைத்தான். மேஜையில் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்தார். பேன்டம் என்பது அதுதான், நோயாளிக்குப் பதில். ஆள் இல்லாத மேஜையில் கதிரைச் சிதறடிக்க ஒன்றும் இருக்காது, வெளியே அளவு குறைவாகக் காட்டும். பிறகு என்னை பேனலில் நிற்க வைத்துவிட்டு, சர்வே மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போய் "குடுங்க" என்று குரல் கொடுத்தார். வழக்கமாக நாம் கொடுக்கும் 0.1 விநாடி எக்ஸ்போஷருக்கு இந்த மீட்டரின் முள் முழுசாக எழும்பாது. அதனால் எம்ஏவைக் குறைத்து, ஒரு விநாடிக்கு மேல் கொடுக்க வேண்டும். கதவு, கதவின் நான்கு ஓரம், ஜன்னல் வெளிப்புறம், பெஞ்ச் இருந்த சுவர், மேல் தளம், பேனல் என்று ஒவ்வொரு இடமாக அளந்தார்.

கதவின் மேல் ஓரத்தில் முள் துள்ளியது. அந்தக் கதவுக்குள் ஈயத்தகடு இருக்கிறது, பில்லும் இருக்கிறது. ஆனால் ஈயம் மெத்தென்ற கனமான உலோகம், சரியாகப் பிடிமானம் இல்லாவிட்டால் வருடக்கணக்கில் தன் கனத்தாலேயே கீழே இறங்கிவிடும். கதவின் மேலே நான்கு விரல் அகலத்துக்கு வெறும் பிளைவுட்தான் இருந்திருக்கிறது. சரியாக அந்த இடத்தில்தான் எங்கள் செக்யூரிட்டி அண்ணன் சாய்ந்து நின்றுகொண்டு டோக்கன் கூப்பிடுவார்; ஆறடி உயரம்.

8. ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

"திருப்தி" என்ற சொல்லைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். கேவி விலகல் 5 கேவிக்குள். டைமர் 10 சதவீதத்துக்குள். ஒரே அளவு திரும்பத் திரும்ப வருகிறதா என்பதற்கான மாறுபாட்டுக் குணகம் 0.05க்குள். எம்ஏ நேர்விகிதம் 0.1க்குள். ஃபில்ட்ரேஷன், இயந்திரம் 70 முதல் 100 கேவி வரை போவதானால் குறைந்தது 2 மில்லிமீட்டர் அலுமினியம், அதற்கு மேலே போனால் 2.5. டியூப் கசிவு ஒரு மீட்டரில் ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லிகிரே, ரிப்போர்ட்டில் அது 115 எம்ஆர் என்று இருக்கும். எம்ஆர் என்றால் மில்லிராண்ட்ஜன்.

சர்வே பக்கத்தில் மீட்டர் காட்டிய எண் மட்டும் போதாது, அதை வாரக் கணக்காக மாற்ற வேண்டும். எங்கள் கதவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நாளைக்கு 30 பேர், ஆளுக்கு இரண்டு எக்ஸ்போஷர், சராசரி 20 எம்ஏஎஸ். 60 தடவை 20, ஆக 1,200. வாரம் ஆறு நாள், 7,200 எம்ஏஎஸ். விநாடியை நிமிடமாக்க 60ஆல் வகுத்தால் வாரத்துக்கு 120. இதுதான் வேலைப்பளு. கதவின் மேல் ஓரத்தில் 50 எம்ஏ கொடுத்தபோது மீட்டர் மணிக்கு 60 எம்ஆர் காட்டியது. 120ஐ 60ஆல் பெருக்கி, அதை 60 தடவை 50, அதாவது 3,000ஆல் வகுத்தால் 2.4. வாரத்துக்கு 2.4 எம்ஆர்.

பொதுமக்கள் நடமாடும் இடத்துக்கு வரம்பு வாரத்துக்கு 2 எம்ஆர். ஊழியர் நிற்கும் இடத்துக்கு 40. பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட் என்ற வரம்பில் இருந்து வந்ததுதான் அந்த 2. 2.4 என்பது பதறும் அளவில்லை. வாரம் முழுக்க, ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் அதே இடத்தில் தலையை வைத்துக்கொண்டு நின்றால்தான் அவ்வளவு சேரும். ஆனால் வரம்பு தாண்டிவிட்டது, தேறவில்லை. வேலைப்பளுவைக் குறைத்துக் காட்டி இதைத் தேற்றிவிடலாம் என்று ஒரு யோசனை அன்றைக்கே வந்தது. செய்யாதீர்கள். தச்சரைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றி, தகட்டை மேலே ஏற்றி, சட்டம் வைத்து இறுக்கினோம். மறுபடி அளந்தபோது மீட்டர் 3 காட்டியது. வாரத்துக்கு 0.12.

9. செலவும் காலமும்

எங்களுக்கு ஆன கணக்கு இது. முதல் ரிப்போர்ட் 4,000, வீண். இரண்டாவது 7,500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 8,850. மறுசோதனை 2,500. கோலிமேட்டர் சரிசெய்ய சர்வீஸ் இன்ஜினியர் 3,500. கதவு 6,000. டிஎல்டி தனி. வெளியூரில் இருந்து வருபவர்கள் பயணச் செலவு கேட்பார்கள். பக்கத்து மருத்துவமனைகள் இரண்டு மூன்று பேர் பேசி ஒரே நாளில் வரச் சொன்னால் அது பங்காகிவிடும். ஐந்து ரோடு, அழகாபுரம் பக்கம் தெருவுக்கு நான்கு எக்ஸ்ரே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். எங்கள் இன்ஜினியர் அன்று மாலை இன்னும் ஒரு இடம் முடித்துவிட்டு, தட்டுவடை செட் இரண்டு பிளேட் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

எல்லாம் கையில் இருந்து பதிவேற்றிய பிறகு உரிமம் வர மூன்று வாரம் ஆனது. நடுவில் ஒருமுறை வரைபடத்தில் அளவு தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. திரும்பி வந்தால் மின்னஞ்சல் வரும், தினமும் பாருங்கள். டியூப் சீரியல் எண் பில்லில் ஒரு மாதிரி, ரிப்போர்ட்டில் ஒரு மாதிரி, ஈலோராவில் ஒரு மாதிரி இருப்பதுதான் திரும்பி வருவதற்குப் பொதுவான காரணம். ஒரு எழுத்து பிசகினாலும் வரும்.

10. ஏற்காட்டுக்காரர்களுக்கும் போர்ட்டபிள்காரர்களுக்கும்

மலையில் கரண்ட் ஏறி இறங்கும். ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் கிளினிக்கில் காலை பதினொரு மணிக்குத் தேறிய கேவி, சாயங்காலம் விடுதிகளில் எல்லாம் ஹீட்டர் போட்ட நேரத்தில் பார்த்தால் தேறாது. கேவி குறைந்தால் படம் வெளுக்கும். வெளுத்தால் டெக்னீஷியன் எம்ஏஎஸ்ஸைக் கூட்டுவார், அல்லது திரும்ப எடுப்பார். இரண்டிலும் கூடுதல் கதிர் வாங்குவது நோயாளி. பழைய இயந்திரத்தில் லைன் வோல்டேஜ் சரிசெய்யும் குமிழ் இருக்கும், ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் முன்பு அதைப் பாருங்கள். சோதனையையும் நீங்கள் அதிகம் படம் எடுக்கும் நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரில் ஓட்டும் வழக்கம் இருந்தால் அதிலும் ஒருமுறை கேவி எடுக்கச் சொல்லுங்கள்.

முகாமுக்காகப் போர்ட்டபிளை வேனில் ஏற்றி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக்கொண்டு போனால், இறக்கியதும் முதல் வேலை எட்டு நாணயம். குலுங்கலில் கோலிமேட்டர் கண்ணாடி நகர்ந்திருக்கும். எக்ஸ்போஷர் சுவிட்சின் ஒயர் இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது. அறுந்து ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுக் குட்டையாகிப் போன ஒயரை மாற்றிவிடுங்கள். குழந்தையைப் பிடிக்க வேண்டியிருந்தால் ஏப்ரன் போட்டு, கர்ப்பிணி இல்லாத உறவினரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பிடிக்காதீர்கள், உங்களுக்கு இது தினசரி.

11. உரிமம் வந்த பிறகு

உரிமம் ஐந்து வருடத்துக்கு. கியூஏ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டியூப் மாற்றினாலோ கதிர் வெளிவருவதோடு தொடர்புள்ள பெரிய ரிப்பேர் செய்தாலோ, இரண்டு வருடம் ஆகாவிட்டாலும் உடனே. டிஎல்டி மூன்று மாதம். இயந்திரத்தை விற்றாலும் பழைய இரும்புக்குப் போட்டாலும் முன்பே ஈலோராவில் தெரிவிக்க வேண்டும், சொல்லாமல் கழித்துவிட்டால் உங்கள் பெயரிலேயே அது நின்றுகொண்டிருக்கும்.

ஏப்ரனை மடிக்காமல் தொங்க விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதையே எக்ஸ்ரே எடுத்து விரிசல் பாருங்கள்.

இந்தத் தேதிகளை எல்லாம் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்த கியூஏ வருகிற ஆவணியில். மின்னஞ்சல் பாஸ்வேர்டு மட்டும் அந்தத் தாளில் இல்லை. அது மேனேஜர் அறை பீரோவில், உறை போட்டு ஒட்டி இருக்கிறது.